விமானிக்குப் படுக்கை: மூன்று ரகமும் எத்தனை மணி நேரம் தாங்கும்?

நெடுந்தூர விமானங்களில் பயணிகள் கண்ணில் படாத ஓரிடம் உண்டு. விமானிகள் முறைவைத்துத் தூங்கும் இடம் அது. விமானத்தை வாங்கும் நிறுவனம், இருக்கைகளைத் தேர்ந்தெடுப்பதுபோல இதையும் தேர்ந்தெடுத்தே வாங்குகிறது. மூன்று ரகங்கள் இருக்கின்றன. எந்த ரகம், எத்தனை விமானிகள், எப்போது தொடக்கம் என்பதைப் பொறுத்து ஒரு விமானியின் டியூட்டி நேரத்தின் உச்சவரம்பு 13 மணி நேரமாகவும் இருக்கலாம், 19 மணி நேரமாகவும் இருக்கலாம். யாருக்கு எப்போது வேலை என்ற பட்டியலை, அதாவது ரோஸ்டரைப் போடுபவரின் மேசையில் ஒரு மெத்தையும் ஒரு திரைச்சீலையும் மணிக்கணக்காக மாறுகின்றன. அதனால் மூன்றையும் எடைபோட்டுப் பார்ப்பது அவசியம்.

இங்கே அளவுகோல் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. வகுத்த பார்ட் 117 விதிகள். 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்கு அருகே கோல்கன் ஏர் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் பிறகு விமானிகளின் களைப்பு குறித்துக் கவலை எழுந்து, அமெரிக்க நாடாளுமன்றம் கொடுத்த நெருக்கடியில் எழுதப்பட்டு, 2014 ஜனவரி 4 அன்று நடைமுறைக்கு வந்தவை இவை. டியூட்டி நேரம் என்று இங்கே சொல்வது, வேலைக்கு ரிப்போர்ட் செய்த நிமிடத்திலிருந்து கடைசிப் பறத்தல் முடிந்து விமானம் நிறுத்தப்படும் வரையுள்ள நேரம். நடுவில் வானத்தில் தூங்கிய நேரமும் அதற்குள்ளேயே சேரும்.

முதல் ரகம், கிளாஸ் 1. காக்பிட்டிலிருந்தும் பயணிகள் பகுதியிலிருந்தும் பிரிந்த தனி அறை; உடம்பை முழுக்க நீட்டிப் படுக்க பங்க் எனும் தட்டையான படுக்கை; வெப்பநிலைக் கட்டுப்பாடு இருக்க வேண்டும், விளக்கைத் தூங்குபவரே அணைக்க முடிய வேண்டும், சத்தமும் தொந்தரவும் எட்டக்கூடாது. இரண்டாவது ரகம், பயணிகள் பகுதியில் உள்ள ஒரு இருக்கை. தட்டையாகவோ கிட்டத்தட்ட தட்டையாகவோ விரிய வேண்டும். இருட்டு தரவும் சத்தத்தைக் கொஞ்சம் தணிக்கவும் குறைந்தபட்சம் ஒரு திரை வேண்டும். மூன்றாவது ரகம் 40 டிகிரியாவது பின்னால் சாய்ந்து, காலுக்கும் பாதத்துக்கும் தாங்கல் தரும் இருக்கை. அது காக்பிட்டுக்குள்ளேயே இருக்கலாம். திரை வேண்டும் என்றுகூட அதன் வரையறையில் சொல்லவில்லை.

இவற்றின் உண்மையான மதிப்பு என்ன? நெதர்லாந்தின் டி.என்.ஓ. ஆய்வு நிறுவனம் 2007-இல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னது. எஃப்.ஏ.ஏ. தன் விதியை எழுதும்போது அதையே கையில் எடுத்துக்கொண்டது. கிளாஸ் 1 பங்கில் கிடைக்கும் ஓய்வு நேரத்தில் 75 சதவீதத்தை டியூட்டி நேரத்தில் கூட்டிக்கொள்ளலாம். கிளாஸ் 2 இருக்கையில் 56 சதவீதம். கிளாஸ் 3 இருக்கையில் 25 சதவீதம். சாதாரண எகானமி இருக்கைக்கு ஒன்றுமே இல்லை. மூன்று மணி நேர இடைவேளை ஒன்றை எடுத்துக்கொண்டால், பங்கில் அது 2 மணி 15 நிமிடம் பெறும். விரியும் இருக்கையில் ஏறத்தாழ 1 மணி 40 நிமிடம். சாய்வு இருக்கையில் வெறும் 45 நிமிடம். இந்த மூன்று எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு விதியின் அட்டவணையைப் படித்தால்தான் எங்கே தாராளம், எங்கே கஞ்சம் என்று தெரியும்.

அட்டவணை இதுதான். நேரங்கள் விமானியின் உடல் பழகிய ஊரின் கடிகாரப்படி. எண்கள் டியூட்டி வரம்பு, மணி நேரத்தில். ஒவ்வொரு ரகத்திலும் முதல் எண் மூன்று விமானிகளுக்கு, அடுத்தது நான்கு விமானிகளுக்கு.

00:00–05:59 தொடக்கம்: கிளாஸ் 1-இல் 15, 17; கிளாஸ் 2-இல் 14, 15.5; கிளாஸ் 3-இல் 13, 13.5
06:00–06:59 தொடக்கம்: 16, 18.5; 15, 16.5; 14, 14.5
07:00–12:59 தொடக்கம்: 17, 19; 16.5, 18; 15, 15.5
13:00–16:59 தொடக்கம்: 06:00 வரிசையில் உள்ளதே
17:00–23:59 தொடக்கம்: 00:00 வரிசையில் உள்ளதே

இதனுடன் இன்னொரு வரம்பும் சேர்ந்து நிற்கிறது. மூன்று விமானிகள் என்றால் பறத்தல் நேரம் 13 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. நான்கு பேர் என்றால் 17. விமானி புதிய நேர வலயத்துக்குப் பழகாதவராக இருந்தால் டியூட்டி வரம்பில் அரை மணி நேரம் கழித்துவிட வேண்டும். ஒரே டியூட்டியில் மூன்று பறத்தல்களுக்கு மேல் கூடாது.

அட்டவணையில் நம் கண்ணை உறுத்துவது காலை ஏழு முதல் பகல் ஒன்று வரையான வரிசை. மூன்று விமானிகளுக்கு கிளாஸ் 1-இல் 17 மணி, கிளாஸ் 2-இல் 16.5 மணி. தனி அறையில் தட்டையான படுக்கைக்கும், பயணிகள் நடுவே திரை போட்ட இருக்கைக்கும் வித்தியாசம் அரை மணிதானா? டி.என்.ஓ. கணக்கின் 75-க்கும் 56-க்கும் உள்ள இடைவெளி இதில் காணாமல் போகிறது. இரவுத் தொடக்கத்தில் ஒரு மணி, நான்கு விமானிகள் என்றால் ஒன்றரை மணி என்று அந்த இடைவெளி ஓரளவு திரும்பி வருகிறது. பகலில் புறப்படும் நீண்ட பறத்தலுக்கு கிளாஸ் 2-ஐ வைத்து 16 மணிக்கு மேல் ரோஸ்டர் போடுவது சட்டப்படி சரி. பகல் வெளிச்சத்தில், சாப்பாட்டு வண்டி போய்வரும் நேரத்தில், திரைக்குப் பின்னால் எவருக்கும் நல்ல தூக்கம் வராது என்பதால் அதை நாம் பரிந்துரைக்கமாட்டோம்.

கிளாஸ் 3-க்கு நான்காவது விமானியைச் சேர்ப்பது இன்னும் மோசமான பேரம். கிளாஸ் 1-இல் நான்காவது ஆள் இரண்டு மணி நேரம், சில வரிசைகளில் இரண்டரை மணி நேரம் வாங்கித் தருகிறார். கிளாஸ் 2-இல் ஒன்றரை. கிளாஸ் 3-இல் எந்த வரிசையைப் பார்த்தாலும் அரை மணிதான். பறத்தல் வரம்பு 13-லிருந்து 17-ஆக உயருமே என்று தோன்றலாம். இரவுத் தொடக்கத்தில் மொத்த டியூட்டியே 13.5 மணி. ரிப்போர்ட் செய்து விமானத்தைத் தயார்செய்ய ஒரு மணி போனால் மிச்சம் 12.5. மூன்று பேருக்கே கிடைக்கும் 13 மணியைக்கூடத் தொடமுடியாது. நான்காவது விமானியின் சம்பளமும் ஹோட்டல் செலவும் அந்த அரை மணிக்காகவே கொடுக்கப்படுகின்றன.

இனி விமானங்களைப் பார்ப்போம். போயிங் 777-இன் நெடுந்தூர வகைகளில் விமானிகளின் ஓய்வறை முன்பக்கக் கூரைக்கு மேலே இருக்கிறது. காக்பிட்டுக்குப் பின்னால் உள்ள படிக்கட்டில் ஏறினால் இரண்டு பங்க், இரண்டு இருக்கைகள். இங்கே பார்க்கும் 777, 787, ஏ330 ஆகிய மூன்றின் அமைப்புகளில் இதுவே நமக்கு முதல் தேர்வு. ஒருவர் தூங்கும்போது மற்றவர் இருக்கையில் உட்கார்ந்து சாப்பிடலாம், சீருடை மாற்றலாம். படுத்திருப்பவரை எழுப்ப வேண்டியதில்லை. கூரைக்கு மேலுள்ள வெற்றிடத்தைப் பயன்படுத்துவதால் பயணிகள் இருக்கையோ சரக்கு இடமோ பறிபோவதில்லை. 787-இலும் இதே ஏற்பாடு, இரண்டு பங்க், இடம் நெருக்கம். ஆனால் 787-இலும் ஏர்பஸ் ஏ350-இலும் கேபின் அழுத்தம் 6,000 அடி உயரத்துக்குச் சமமாக வைக்கப்படுகிறது. பழைய விமானங்களில் அது 8,000 அடி வரை போகும். நீண்ட தூக்கத்தில் இந்த வேறுபாடு தலைவலியிலும் தொண்டை வறட்சியிலும் தெரியும்.

ஏ330-இல் வேறு வழி உண்டு. சரக்கு அறைக்குள் இறக்கி வைக்கும் பங்க் பெட்டகம் அது. படியிறங்கிப் போக வேண்டும். தேவையில்லாத வழித்தடங்களில் கழற்றிவிடலாம் என்பது நிறுவனத்துக்கு வசதி. ரோஸ்டருக்கு அதுவே ஆபத்து. ஒரே ரக விமானம் என்று நினைத்து ஆள் போட்டிருப்பார்கள். அன்று வந்து நிற்கும் விமானத்தில் பெட்டகம் இருக்காது. ஏ330 வைத்திருப்பவர்கள் ரோஸ்டர் மென்பொருளில் ஓய்விட ரகத்தை விமான ரகத்தோடு இணைக்காமல், ஒவ்வொரு விமானத்தின் பதிவெண்ணோடும் இணைக்க வேண்டும். விமானம் மாறினால் டியூட்டி வரம்பு தானாக மறுகணக்காக வேண்டும். இது இல்லாத மென்பொருளை வாங்காதீர்கள்.

பங்கின் அளவுக்கு எஃப்.ஏ.ஏ. வழிகாட்டி சொல்வது 78 அங்குல நீளம், 30 அங்குல அகலம். அதாவது 198 செ.மீ., 76 செ.மீ. உயரமானவருக்கும் போதும். குறைகள் வேறிடத்தில் வருகின்றன. கூரைக்கு மேலுள்ள ஓய்வறை என்றால், முன்கதவருகே உள்ள சமையலறை நேர் கீழே இருப்பதால், புறப்பட்ட முதல் இரண்டு மணி நேரம் அடுப்புக் கதவும் தள்ளுவண்டியும் கழிவறை உறிஞ்சலும் மேலே கேட்கும். முதல் இடைவேளை எடுப்பவரின் தூக்கம் அங்கேயே பாதி போய்விடும். காதடைப்பான் கட்டாயம். வெப்பநிலை அடுத்த தொல்லை. குளிரத் தொடங்கிய பிறகு திருகினால் அறை சூடேற நேரமாகும். விமானத்தில் ஏறியதுமே யாராவது ஒருவர் மேலே போய் அமைத்துவிட வேண்டும். படுக்கைப் பெல்ட்டைப் போர்வைக்கு மேலே மாட்டுங்கள். குலுங்கும்போது பெல்ட் போட்டிருக்கிறாரா என்று பார்க்க ஒருவர் போர்வையை விலக்கினால், அதோடு அந்தத் தூக்கம் முடிந்தது. விழித்தெழுந்தவர் நேராகக் கட்டுப்பாட்டுக்கு வரக்கூடாது; எழுந்து முகம் கழுவி, நிலைமையைக் கேட்டுக்கொள்ள 20 நிமிடமாவது ஒதுக்கி, அதையும் இடைவேளைக் கணக்குக்குள்ளேயே போடுங்கள்.

இப்போது, அதிகம் தவறு நடக்கும் இடத்துக்கு வருவோம். பங்க் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இடைவேளையைத் தவறான நேரத்தில் கொடுத்தால் விதி மீறல்தான். விதி கேட்பது இரண்டு: தரையிறக்கும்போது விமானத்தை ஓட்டுபவருக்கு, டியூட்டியின் இரண்டாம் பாதியில் தொடர்ச்சியாக இரண்டு மணி நேர ஓய்வு கிடைத்திருக்க வேண்டும். பக்கத்தில் கண்காணிப்பவருக்குத் தொடர்ச்சியாக 90 நிமிடம்.

மூன்று விமானிகள் உள்ள பத்தரை மணி நேரப் பறத்தலை வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ சென்னை–லண்டன் நீளம். எல்லாம் புறப்பட்ட ஊரின் கடிகாரப்படி. ரிப்போர்ட் 19:00, புறப்பாடு 20:00, வந்து நிற்பது 06:30. மேலேற அரை மணியும் இறங்க ஒரு மணியும் விட்டால், 20:30 முதல் 05:30 வரை ஒன்பது மணி. மூவருக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு மூன்று மணி. தரையிறக்கப்போகிறவருக்கு நடு இடைவேளை கொடுப்பதே வழக்கம். அவருக்கு 23:30 முதல் 02:30 வரை.

கணக்குப் போடுங்கள். மொத்த டியூட்டி 11 மணி 30 நிமிடம். பாதி 5 மணி 45 நிமிடம். இரண்டாம் பாதி 00:45-க்குத் தொடங்குகிறது. அதன் பிறகு அவருக்குக் கிடைப்பது 02:30 வரை, 1 மணி 45 நிமிடம்தான். பதினைந்து நிமிடம் குறைகிறது. எல்லோரும் சமமாகப் பங்கிட்டுக்கொண்ட, பார்த்தால் குறையே தெரியாத திட்டம் விதிக்கு வெளியே நிற்கிறது.

பின்காற்று வீசி அரை மணி முன்னதாக வந்தால் நிலைமை சீராகும் என்று தோன்றும், உண்மையில் மோசமாகிறது. சமப் பங்கு 2 மணி 50 நிமிடமாகச் சுருங்கும். நடு இடைவேளை 23:20 முதல் 02:10 வரை, இரண்டாம் பாதி 00:30-க்குத் தொடக்கம், தேறுவது 1 மணி 40 நிமிடம். மாறாக, ரிப்போர்ட் செய்தபின் புறப்பாடு ஒரு மணி தாமதமானால் சமப் பங்கே விதிக்குள் வந்துவிடுகிறது. இடைவேளைகள் ஒரு மணி பின்னால் தள்ளும்போது டியூட்டியின் நடுப்புள்ளி அரை மணிதான் தள்ளும். நடு இடைவேளையில் 2 மணி 15 நிமிடம் இரண்டாம் பாதிக்குள் விழும்.

ஆகவே சமமாகப் பிரிக்காதீர்கள். முதல் இடைவேளை 20:30–00:00, நடு இடைவேளை 00:00–03:00, மூன்றாவது 03:00–05:30 என்று வையுங்கள். அப்போது தரையிறக்குபவருக்கு இரண்டாம் பாதியில் 2 மணி 15 நிமிடம் கிடைக்கும். வருகை அரை மணி தள்ளிப்போனாலும், நடுப்புள்ளி 01:00-க்கு நகர்ந்து, சரியாக இரண்டு மணி மிஞ்சும். மூன்றாவது இடைவேளை அரை மணி குறைகிறதே என்று அதை எடுப்பவர் கவலைப்பட வேண்டாம். உடம்பு மிகவும் தளரும் நேரமாக விதியே குறித்திருக்கும் 02:00–05:59-க்குள் அது முழுதாக விழுகிறது. அந்த இரண்டரை மணியில் வரும் தூக்கம், சமையலறைச் சத்தத்துக்கு மேலே கழியும் மூன்றரை மணியைவிட நல்லது.

யார் தரையிறக்குவார் என்பதைப் புறப்படும் முன்பே இடைவேளைத் தாளில் எழுதி வையுங்கள். கீழே இறங்கும்போது கேப்டனும் ஃபர்ஸ்ட் ஆபீசரும் கைமாற்றிக்கொண்டால், இரண்டு மணி நேர ஓய்வு வேண்டியவர் மாறிவிடுகிறார்; 90 நிமிட ஓய்வு மட்டுமே கிடைத்தவர் கையில் விமானம் வந்துவிடலாம்.

இந்தப் பறத்தலுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. டியூட்டி 11.5 மணி, 19:00 தொடக்கத்தில் கிளாஸ் 3-க்கே 13 மணி வரம்பு. அதாவது சட்டம் ஒரு சாய்வு இருக்கையோடு திருப்திப்படுகிறது. விடிகாலை 06:30-க்குத் தரையிறக்கப்போகிறவர், 45 நிமிட மதிப்புள்ள ஓய்வோடு வந்து உட்காருவார். அட்டவணை அனுமதிக்கிறது என்பதற்காக இரவுப் பறத்தலில் கிளாஸ் 3-ஐ வைப்பதை நாம் ஏற்கவில்லை. இரவில் குறைந்தபட்சம் கிளாஸ் 2.

அந்த கிளாஸ் 2-ஐ எங்கே வைப்பது என்பதும் முக்கியம். பிசினஸ் வகுப்பில் தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசையைத் தவிர்க்கவும்; தொட்டில் மாட்டும் இடம் பெரும்பாலும் அதுதான். சமையலறையை ஒட்டிய கடைசி வரிசையும் வேண்டாம். ஜன்னலோர இருக்கை, அதையடுத்த இருக்கை காலி, தரைவரை தொங்கும் தடித்த திரை, திரைக்கு வெளியே ஒரு அறிவிப்பு அட்டை. திரை இருக்கையின் பாதியோடு நின்றால், நடைபாதை விளக்கு நேரே கண்ணில் அடிக்கும். விதி இருட்டு தரும் திரையைக் கேட்கிறது, அலங்காரத் தட்டியை அல்ல.

பங்க் பழுதானால் என்ன ஆகும்? புகை உணர்வி, ஆக்சிஜன் முகமூடி, காக்பிட்டோடு பேசும் கருவி, அவசர வழியின் மூடி, வெப்பமூட்டி இவற்றில் ஏதாவது வேலைசெய்யாவிட்டால் ஓய்வறையை மூடிவைக்க நேரலாம். எதற்கு எவ்வளவு விலக்கு என்பது, எது பழுதானாலும் பறக்கலாம் என்று சொல்லும் அந்த விமானத்தின் எம்.இ.எல். பட்டியலில் இருக்கும். உதாரணத்துக்கு 14 மணி 15 நிமிடப் பறத்தல், நான்கு விமானிகள், ரிப்போர்ட் 20:00, புறப்பாடு 21:00. டியூட்டி 15 மணி 15 நிமிடம். கிளாஸ் 1 என்றால் வரம்பு 17; ஒன்றே முக்கால் மணி கையிருப்பு. பங்க் மூடப்பட்டு, பிசினஸ் வகுப்பில் இரண்டு விரியும் இருக்கைகளைத் திரை போட்டுக் கொடுத்தால் வரம்பு 15.5. கையிருப்பு பதினைந்து நிமிடம். ஒரு பயணியின் பெட்டியை இறக்கினாலே அது கரைந்துவிடும். திரை கிடைக்காமல் கிளாஸ் 3-க்கு இறங்கினால் 13.5, விமானம் போகவே முடியாது.

வரம்பைத் தாண்ட வேண்டி வந்தால், புறப்படும் முன் கேப்டனும் நிறுவனமும் ஒத்துக்கொண்டு இரண்டு மணி வரை நீட்டிக்கலாம். முன்கூட்டி எதிர்பாராத காரணம் இருக்க வேண்டும். அரை மணிக்கு மேற்பட்ட நீட்டிப்பு ஒரே முறைதான். அடுத்ததற்கு முன் விமானிக்கு 30 மணி நேரத் தொடர் ஓய்வு கிடைத்திருக்க வேண்டும். அரை மணிக்கு மேல் நீட்டியதை 10 நாளுக்குள் எஃப்.ஏ.ஏ.-வுக்குத் தெரிவிக்க வேண்டும். பங்க் பழுது முந்தைய நாளே பதிவேட்டில் இருந்தால் அதை எதிர்பாராதது என்று சொல்ல முடியாது. ஆகவே ஓய்வறைப் பழுதுகள் பராமரிப்புப் பிரிவோடு நின்றுவிடாமல், அன்றே ரோஸ்டர் பிரிவுக்கும் வந்து சேர வேண்டும்.

ஐரோப்பிய நிறுவனத்திடமிருந்து குத்தகைக்கு விமானம் எடுப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஐரோப்பாவின் ஒழுங்குமுறை அமைப்பான ஈ.ஏ.எஸ்.ஏ. விதியிலும் கிளாஸ் 1, 2, 3 உண்டு, பொருள் வேறு. அங்கே கிளாஸ் 2 என்பது செங்குத்திலிருந்து 45 டிகிரி சாய்ந்து, 55 அங்குல இடைவெளியும் 20 அங்குல அகலமும் உள்ள இருக்கை. தட்டையாக விரிய வேண்டியதில்லை. அதே இருக்கை அமெரிக்க விதிப்படி கிளாஸ் 3-ஆக இறங்கிவிடலாம். கிளாஸ் 3-இல் ஐரோப்பா கடுமை: திரை வேண்டும், பக்கத்தில் பயணி உட்காரக்கூடாது. வரம்புகளோ தொடங்கும் நேரத்தைப் பார்ப்பதில்லை: கிளாஸ் 1, 2, 3 என்ற வரிசையில், கூடுதலாக ஒரு விமானி என்றால் 16, 15, 14 மணி, இருவர் என்றால் 17, 16, 15. நள்ளிரவில் தொடங்கும் டியூட்டிக்கும் சாய்வு இருக்கையை வைத்து 14 மணி கொடுப்பது நமக்குச் சரியாகப் படவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அமெரிக்க அட்டவணை மேல்.

ஆனால் பார்ட் 117 சரக்கு விமான நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. இரவு முழுக்கப் பறப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். அதே வானம், அதே ஓடுபாதை, அதே மனித உடம்பு. இந்த விலக்கு நீக்கப்பட வேண்டும்.

ஏ321எல்ஆர், ஏ321எக்ஸ்எல்ஆர் போன்ற ஒற்றை நடைபாதை விமானங்களை நீண்ட வழித்தடங்களுக்கு வாங்குபவர்கள், இருக்கை வரைபடத்தில் கையெழுத்திடும் முன் இதைச் செய்யுங்கள்: ஓட்டப்போகும் மிக நீண்ட வழித்தடத்தின் குளிர்கால எதிர்காற்று நேரத்தை எடுங்கள், ஒரு மணி ரிப்போர்ட் நேரமும் ஒரு மணி தாமதமும் கூட்டுங்கள், அது 17:00–23:59 வரிசையில் கிளாஸ் 2-க்கான 14 மணிக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கினால், முன்பகுதியில் ஓர் இருக்கையை விற்பனைக்கே வராதபடி முன்பதிவு அமைப்பில் நிரந்தரமாகப் பூட்டி, திரைக்கான கம்பியையும் ஆர்டரிலேயே சேர்த்துவிடுங்கள்.